பொறுக்குத் தட்டிய வயல்

அக்கா வண்டியை வரப்போரம் நிறுத்துவதற்குள் டிராக்டர் வயலுக்குள் வந்துவிட்டது. எல்லாவற்றையும் உழுதுவிட்டு மறுபடி விதைப்பது என்று தம்பி தானாகவே முடிவு செய்து, ஓட்டுநரையும் கையோடு கூட்டி வந்திருந்தான்.

அவனை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. முதல் ஈரத்திலேயே மக்காச்சோளத்தைப் போட்டுவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். விதைத்த சூட்டோடு பேய்மழை கொட்டியது; அதன் பிறகு மண்டையைப் பிளக்கும் வெயில். மேல்மண் இறுகி ஓடு போலப் பொறுக்குத் தட்டிவிட்டது. வயல் முழுக்கத் தேடினாலும் கண்ணில் ஒரு பச்சை படவில்லை.

"போனது போகட்டும்க்கா. அடுத்த தடவையிலேருந்து எப்ப விதைக்கணும்னு நான் சொல்றேன், நீ கேட்டுக்க."

நிலம் இருவருக்கும் பொது. எப்போது, என்ன என்ற முடிவு மட்டும் இதுவரை அவளுடையதாக இருந்தது. இன்று அந்தக் கலப்பை இறங்கினால் அதுவும் போய்விடும்.

அவள் குந்தி உட்கார்ந்து வண்டிச் சாவியால் பொறுக்கை நெம்பினாள். அடியில் கொக்கி போல வளைந்து கிடந்தது ஒரு வெள்ளை முளை. நான்கு எட்டு தள்ளி நெம்பினாள், அங்கேயும் ஒன்று. கிள்ளிப் பார்த்தாள். விறைப்பாக இருந்தது, அழுகவில்லை.

"டேய், உசிரோட இருக்குடா. வெளிய வர வழியில்லாம முட்டிக்கிட்டு நிக்குது."

தம்பியும் குனிந்து பார்த்தான். முகம் மாறியது, ஆனால் பிடி தளரவில்லை. வயல் முழுக்கச் சாவியை வைத்து நெம்பப் போகிறாயா என்று கேட்டான். ஓட்டுநர் கலப்பையை மேலாக்க ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். பத்தடி போவதற்குள் பின்னால் முளைகள் ஒடிந்து விழுந்தன. அவள் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னாள். தன் வண்டிக்கு உழத்தான் தெரியும், தலைவாரி விடத் தெரியாது என்று அவர் முணுமுணுத்தார்.

தலைவாருவது என்றதும் அவள் கண் வயலின் நுழைவாசலுக்குப் போனது. அங்கே கம்பி வலை அடித்த கேட் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"அதைக் கழட்டு. டிராக்டர் பின்னாடி கட்டி இழுப்போம். மேல இருக்கற பொறுக்கு மட்டும் உதிரும்."

"கேட்டைக் கழட்டினா ஆடு உள்ள வந்துடும்க்கா."

"வரட்டுமே. திங்க இங்க என்ன இருக்கு?"

ஓட்டுநருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

கலப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, கேட்டைக் கயிற்றில் பிணைத்து நடை வேகத்தில் இழுத்தார்கள். கம்பி வலை உரச உரசப் பொறுக்கு பொலபொலவென்று உதிர்ந்தது. அக்கா பின்னாலேயே ஓடி ஓடிக் குனிந்து பார்த்தாள். முளைகள் முழுசாக இருந்தன. கேட் ஓரிடத்தில் எம்பிக் குதிக்கவே, தம்பி ஒரு கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்தான். யார் கட்சியில் இருக்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது போலிருந்தது. முடிந்ததும்தான் நினைவு வந்து, நாளை மறுநாள் வரை பார்ப்போம், இல்லாவிட்டால் உழவுதான் என்று கறாராகச் சொன்னான்.

மறுநாள் வயல் பக்கம் போகக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். துவைத்ததையே துவைத்தாள். மதியத்துக்கு மேல் தம்பியிடமிருந்து போன் வந்தது. ஒன்றும் விளக்காமல் உடனே வரச் சொன்னான். விழுந்தடித்துக்கொண்டு போனாள்.

அவன் வயலுக்கு நடுவில் வெறுங்காலோடு, அசையப் பயந்தவன் மாதிரி நின்றிருந்தான்.

"செருப்பைக் கழட்டிட்டுப் பார்த்து வாக்கா. மிதிச்சிடப் போறே."

சால் சாலாகப் பச்சை ஊசிகள் மண்ணைப் பிளந்துகொண்டு நின்றன. சில இடம் நெருக்கம், சில இடம் இடைவெளி; ஆனாலும் தாமதமாக விதைப்பதைவிட இது எவ்வளவோ மேல். தண்ணீர் தேங்கிய பள்ளத்து மூலையில் மட்டும் எதுவும் தப்பவில்லை.

தம்பி அந்த மூலையைக் காட்டினான்.

"அங்க என்ன போடலாம்? எப்பப் போடலாம்? நீ சொல்லு, டிராக்டர்காரருக்குப் போன் பண்றேன்."

அக்கா அந்த மூலைக்குப் போய்க் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்தாள். கையில் ஒட்டியது.

"இன்னும் காயணும். அவசரப்படாதே," என்றாள்.