வேலிக்குக் கால் முளைத்த சங்கீதம்

லூயிஸ் தீவில் கடவுளுக்குப் பயப்படாதவன்கூட இருக்கலாம். ஞாயிறு ஓய்வுநாளில் கொடியில் துணி காயப்போடுகிற துணிச்சல்காரன் கிடையாது. அப்பேர்ப்பட்ட ஊரில் சபையின் முன்பாடகர் கண்ணை மூடினார். பிரசங்க மேடைக்கு அடியில் அவருடைய நாற்காலி காலியானது. அன்றிலிருந்து ஃபின்லேக்கு உருளைக்கிழங்கும் மீனும் தொண்டையில் இறங்கவில்லை.

வாலிப வயதிலிருந்தே அவனுக்கு அந்த நாற்காலி மேல் ஒரு கண். பரலோகம்கூட அப்புறம்தான். அந்தச் சபையில் வாத்தியம் எதுவும் கிடையாது. முன்பாடகர் ஒரு வரியை எடுத்துவிட, சபையார் அதைப் பிடித்துத் திருப்பிப் பாடுவார்கள். ஆளுக்கு ஒரு வளைவு, ஆளுக்கு ஒரு குழைவு. ஒரு வரி முடிவதற்குள் அடுப்பில் தண்ணீர் கொதித்துவிடும்; அந்த இழுப்பில் வார்த்தை கரைந்தே போகும்.

"இந்த ஞாயிறு நீங்க பாடுங்க, ஃபின்லே. மூப்பர் மர்டோவுக்குப் பிடிச்சிருந்தா இடம் உங்களுக்குத்தான்" என்றார் போதகர்.

மர்டோவுக்கா! ஃபின்லேக்கு அந்தப் பெயர்தான் இடித்தது. அதற்குக் காரணம் இருந்தது. தேவனுடைய வார்த்தையை ஒத்திகையில் போட்டு உருட்டக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. மெட்டைப் பழக வேண்டுமானால் ஏதாவது வெட்டி வார்த்தையைப் போட்டுத்தான் பாட வேண்டும். ஃபின்லே ஆட்டுக் கொட்டிலில் நின்றுகொண்டு தினமும் பழகிய வெட்டி வார்த்தை இது:

மூப்பர் ஆடு கொழுத்த ஆடு,
விதவை வயலின் பசும்புல் தின்று;
இருட்டினால் வேலிக்குக் கால் முளைக்கும்,
விடிந்தால் பத்தடி நகர்ந்திருக்கும்.

விதவை ஷோனாக்கின் நிலத்தை மர்டோ கொஞ்சம் கொஞ்சமாகக் கவ்விக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும். வாயைத் திறந்தவர் மட்டும் யாரும் இல்லை.

"என்னங்க, அந்த எழவுப் பாட்டை விடுங்க. நாக்குல ஒட்டிக்கும்" என்றாள் மனைவி கிர்ஸ்டி.

"அடிப் போடி! நாக்கு என்னோடது, நான் சொன்னபடி கேக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பாட வேண்டியது பைபிளில் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி வரும் சங்கீதம். ஃபின்லே எழுந்தான், கண்களை மூடினான். முதல் சரணம் தேனாக ஓடியது. சபையின் குரல் எழும்பி வந்து அவனைத் தூக்கிக்கொண்டது. ஆகா, என்ன சுகம்! அந்தச் சுகத்தில் இரண்டாம் சரணத்துக்குத் தன் போக்கில் போன நாக்கு, நேராக ஆட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டது.

மூப்பர் ஆட்டைச் சபை பக்தியோடு திருப்பிப் பாடியது. அப்போதுதான் ஃபின்லேக்கு உறைத்தது. போச்சு, குடி முழுகிப் போச்சு! நிறுத்தலாமா? சங்கீதத்தைப் பாதியில் நிறுத்தியவன் அந்தத் தீவிலேயே இல்லை. சரியான வரியோ, எவ்வளவு தேடியும் நினைவில் இல்லை. வியர்த்துக் கொட்டக் கொட்ட வேலிக்குக் கால் முளைக்க வைத்தான், பத்தடி நகர்த்தியும் வைத்தான்.

கண்ணைத் திறந்து பார்த்தான். இருநூறு பேர் உருகிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் விட உரக்கப் பாடியது மர்டோதான். அவர் தாடியில் கண்ணீர் வழிந்தது. கடைசி பெஞ்சில் ஷோனாக் மட்டும் வாயை மூடிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் மர்டோ அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னமா பாடினப்பா! ரெண்டாவது சரணம் நெஞ்சைக் கிழிச்சிருச்சு. நாற்காலி உனக்குத்தான், போ!"

போதகரும் தலையாட்டினார். பைபிளைக் கரைத்துக் குடித்த மனுஷன்!

கூட்டம் கலைந்ததும் ஷோனாக் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, அது... வாய் தவறி வந்துருச்சு" என்றான் ஃபின்லே.

"தெரியும்டா. வேணும்னே பாட உனக்கு ஏது தைரியம்? இந்த ஊர்ல வாய் தவறினாத்தான் உண்மை வருது." அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அடுத்த ஞாயிறு ஒழுங்காப் பாடு. நாற்காலி போயிடப் போகுது."

ஷோனாக் சுற்றுவழியில் வீட்டுக்கு நடந்தாள். நேர்வழியில் இப்போது மர்டோவின் வேலி நின்றது.