ஆளுக்கொரு வேலை

"ஏன்யா, இடது பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டே இருக்க? கோவமா?" என்று கேட்டாள் வாயாடி, தலையிலிருந்த கலவைச் சட்டியை இறக்கி வைத்தபடி.

கொத்தனார் அப்போதுதான் வைத்த செங்கல்லின் இடது முனையைக் கரண்டிப் பிடியால் மெல்லத் தட்டினார். கல் ஒரு நூல் அளவு உள்ளே போனது. சாரத்தின் மேல் நின்ற பூச்சுக்காரன் சிரித்தான்.

"அண்ணே, நீங்க சுவர் கட்டுறது கலவையிலயா, அக்கா பேச்சுலயா?"

"பேச்சுலதான்டா. சிமெண்டை விடச் சீக்கிரம் இறுகுது."

அவன் வேடிக்கையாகக் கேட்டது அப்படியே உண்மை. சுவர் நேராக எழும்ப, மேலிருந்து ஒரு நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார்கள். நூலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு இருக்க வேண்டும். அந்த இடைவெளியைப் பார்ப்பதற்குக் கருவி கிடையாது, கொத்தனாரின் கண்தான். அவர் கண்ணில் வெண்மையாக ஏதோ படர்ந்து, நூல் தெரியாமல் போய் ரொம்ப நாளாகிவிட்டது. கல் தெரியும், கை தெரியும், நூல் தெரியாது. அதனால் அவருடைய சித்தாளும் மனைவியுமான அவள் பார்த்தாள். பார்த்ததை மற்றவர்களுக்குப் புரியாதபடி சொன்னாள். கல் ஒரு பக்கம் ஒதுங்கினால் கோபமா என்று கேட்பாள். சுவர் வெளியே பிதுங்கினால், "தொப்பை விழுது பாரு, மானம் போகுது" என்பாள். வரிசை மட்டம் இறங்கினால் தூங்கி வழியாதே என்று திட்டுவாள். புருஷனை இப்படிப் பிடுங்கி எடுக்கிறாளே என்று எல்லோரும் நினைத்தார்கள். வாயாடி என்ற பெயரும் வந்தது. அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமில்லை. மேஸ்திரி இருவரையும் ஜோடியாகவே கூப்பிட்டார், கூலியில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.

அந்தப் பங்கை ஒழிக்கத்தான் 'ஆளுக்கொரு வேலை' என்ற செயலி வந்தது. குடியிருப்புக்கு வந்த பெண் வீடு வீடாகத் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தாள்.

"யாருக்கு என்ன வேலை தெரியும், வீடு எங்க, எந்த இடத்துல ஆள் வேணும், எல்லாத்தையும் இது சேர்த்து யோசிக்கும்மா. ஒருத்தர்கூடச் சும்மா உட்காரக் கூடாது. நடுவுல தின்ற ஆளே கிடையாது."

அவள் பொய் சொல்லவில்லை. வாரக்கணக்கில் வேலையில்லாமல் முடங்கிக் கிடந்த பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடச் சலவைக் கூடத்தில் வேலை கிடைத்தது. சீக்கிரமே எந்தக் கட்டட வேலைக்கும் போன் வழியாகத்தான் ஆள் எடுத்தார்கள். மேஸ்திரியே மரத்தடியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

பெயரைப் பதியும்போது போன் குரலிலேயே கேட்டது: "உங்கள் கண் பார்வை எப்படி இருக்கிறது?"

"கழுகுக் கண்ணு," என்றார் கொத்தனார். அது நம்பியது. முதல் தரக் கொத்தனார் என்று குறித்துக்கொண்டது.

முதல் தரக் கொத்தனாரைச் சுவர் தேவைப்படும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். சித்தாளை, வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே மண் சுமக்க ஆள் வேண்டுமோ அங்கே அனுப்ப வேண்டும். இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை வரட்டும் என்று காத்திருந்தால் இருவரில் ஒருவர் சும்மா உட்கார நேரும். அந்த இயந்திரம் யாரையும் சும்மா உட்கார விடாது. அவர் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவருக்குப் போனார். அவள் வேறு திசையில், மாடிப்படி போடும் இடத்துக்குப் போனாள்.

மாலையில் அவர் வந்து, கை கழுவாமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"யாருய்யா கல்லு எடுத்துக் கொடுத்தது?"

"எவனோ. காதுல பாட்டை மாட்டிக்கிட்டு நின்னான். வாயே திறக்கல."

"சுவரு?"

"நேராத்தான் இருக்கு."

இருட்டுவதற்குள் போன் பேசியது. அவருடைய வேலை பற்றிப் புகார் வந்திருக்கிறது, இனிக் கொத்து வேலை தர இயலாது என்றது. அவள் போனைப் பிடுங்கினாள்.

"இந்தா பாரும்மா, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வேலை செய்வோம். எங்களைச் சேர்த்து அனுப்பு. நானும் கூட இருந்தா சுவரு சரியா வரும்."

"புரிகிறது. அவருக்கு ஏன் உங்கள் உதவி தேவைப்படுகிறது? உடல்நலக் குறைவு ஏதாவது உண்டா?"

அவர் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சொன்னால் கரண்டியைத் தொட விடாது, சொல்லாவிட்டாலும் விடாது. அவர் தலையை அசைத்தார், வேண்டாம், வேண்டாம் என்று.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றாள் அவள்.

"நன்றி. உங்களுக்கு நாளைக்கு ஒரு வேலை இருக்கிறது. இடிப்பு வேலை."

காலையில் போன் வழிகாட்டிய பாதையில் போனாள். கிடங்கின் வாசல் வந்ததும் நின்றாள். சுற்றுச்சுவர் முழங்கால் வரை நேராக இருந்தது. அதற்குமேல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே சரிந்து, இடுப்பு உயரத்தில் நன்றாகப் பிதுங்கியிருந்தது.

"எவனோ குருட்டுப் பய கட்டிட்டுப் போயிருக்கான்," என்றார் மேற்பார்வையாளர். "போன்ல முதல் தரம்னு போட்டிருக்குது, கூத்தைப் பாரு. கல்லை உடைக்காம எடுங்க. இன்னும் பச்சையா இருக்கு, தட்டினாலே வந்துடும். மதியத்துக்குள்ள முடிஞ்சிடும், அரைநாள் கூலிதான், சொல்லிட்டேன்."

புதுக் கொத்தனார் மணல் குவியலில் உட்கார்ந்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் மேல் வரிசையிலிருந்து தொடங்கினாள். முதல் கல் முழுசாகக் கையோடு வந்தது. அடுத்ததைத் தட்டக் குனிந்தபோது, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கலவையில் பள்ளங்கள் தெரிந்தன. நான்கு விரல்களின் தடம். அதற்கு அடுத்த கல்லிலும். அவள் வரிசை நெடுகப் பார்த்தாள். ஒவ்வொரு கல்லையும் வைத்தபின் மேலிருந்து கீழே தடவித் தடவிப் பார்த்த விரல்கள், சுவரின் கடைசி வரைக்கும் பதிந்து காய்ந்துகொண்டிருந்தன.

"சீக்கிரம்மா, அவன் காத்துக்கிட்டு இருக்கான்."

அவள் கரண்டியால் தடங்களைச் சுரண்டி உதிர்த்தாள். கல்லைத் துடைத்து, புதுக் கொத்தனாரின் காலடியில் கொண்டுபோய் அடுக்கினாள்.