இருபத்தேழு குடும்பங்கள்

முப்பத்தொரு குடும்பங்கள் பிடிபட்டன. மயிர் கத்தரித்து விட்டபின் இருபத்தேழு குடும்பங்கள் திரும்பவும் சேர்ந்தன. றொஷினியின் ஆய்வேடு சொன்னது இதைத்தான். வெள்ளிக்கிழமை அதை ஒப்படைக்க வேண்டும்.

விகுன்யா ஆர்ஜென்டினாவின் மலைமேட்டில் வாழும் காட்டு விலங்கு. ஒட்டகத்தின் இனம், மானின் உடம்பு. ஓர் ஆண், நாலைந்து பெண்கள், குட்டிகள் சேர்ந்தது ஒரு குடும்பம். அதன் மயிருக்காக ஊரார் கயிறு பிடித்து வளைத்துப் பட்டிக்குள் ஓட்டுவார்கள். கத்தரித்து முடிய முடிய ஒவ்வொன்றாக வெளியே விடுவார்கள்.

றொஷினி அங்கே போனதில்லை. மொன்றியலில், பல்கலைக்கழக அறையொன்றில் இருந்து, அங்கே நிரப்பி அனுப்பிய படிவங்களைக் கணினியில் பதிந்தாள். இடம், ஆண், பெண், குட்டி. பிடிக்குமுன் ஒரு வரி, விட்டு ஒரு மாதத்தின் பின் ஒரு வரி. இரண்டும் ஒத்துப்போனால் ‘சேர்ந்தது’ என்று குறித்தாள்.

ஞாயிறன்று பங்கு மக்கள் பஸ்ஸில் நகருக்கு வெளியே உள்ள றிகோ மாதா கோயிலுக்குப் போனார்கள். றொஷினியும் போனாள். பொறுப்பாக இருந்தவர் அவளுடைய அப்பா செபமாலை. திரும்பும்போது பஸ்ஸின் முன்னால் நின்று தலைகளை எண்ணினார். நாற்பத்தெட்டு. பஸ் புறப்பட்டது. நெடுஞ்சாலையில் அவருடைய செல்போன் அடித்தது. அவர்களோடு வந்த றோசலின் அன்ரி கோயில் வாசலில் தனியே நின்றார்.

“அதெப்பிடி? நாப்பத்தெட்டு எண்ணினனான்.”

பின் இருக்கையில் ஒருவர் கை உயர்த்தினார். “நான் பேரின்பநாதன். ரொறொன்ரோ பஸ்ஸில வந்தனான். மச்சான் வீட்டை ரெண்டு நாள் நிப்பமெண்டு இதில ஏறினன்.”

“ஒராள் போய் ஒராள் வந்திருக்கு,” என்றான் தம்பி அன்டன். “கணக்குச் சரிதானே அப்பா.”

“வாயைப் பொத்து. மனிசி வெயிலுக்க நிக்குது.”

“முகத்தைப் பாக்கேல்லையே?” என்று கேட்டாள் றொஷினி.

“எல்லா முகமும் எனக்குத் தெரியும் பிள்ளை. தலையைத்தான் பாத்தன்.”

பஸ் திரும்பியது. எல்லோரும் சிரித்தார்கள். றொஷினி சிரிக்கவில்லை.

திங்கள் காலை, படிவங்களோடு வந்த படங்கள் இருந்த குறுந்தட்டுகளை எடுத்தாள். முந்திய தடவை பிடித்தபோது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி நிறத்தில் கழுத்து வார் கட்டியிருந்தார்கள். படிவத்தில் நிறத்துக்கு இடம் இல்லை. படத்தில் நிறம் இருந்தது.

பதினான்காவது குடும்பம். முன்பு ஓர் ஆண், ஐந்து பெண்கள், எல்லாம் மஞ்சள். பின்பும் ஓர் ஆண், ஐந்து பெண்கள். ஆண் மஞ்சள். பெண்களில் இரண்டு மஞ்சள், மூன்று சிவப்பு.

மூன்று படங்களில் குட்டி தனியே நின்றது. அவற்றை அவள் பதியவே இல்லை. தனிக் குட்டிக்குப் படிவத்தில் வரி இல்லை.

வியாழன் மாலைக்குள் முப்பத்தொன்றையும் பார்த்து முடித்தாள். சேர்ந்தவை ஒன்பது.

வீட்டில் அப்பா கேட்டார். “முடிச்சதை ஏன் பிள்ளை குழப்பிறாய்?”

“முடியேல்லை அப்பா. பிழையா எண்ணிப்போட்டன்.”

அப்பா அவளுடைய மேசை விளக்கைப் போட்டுவிட்டுப் போனார்.

வெள்ளி காலை மேற்பார்வையாளர் எலிசாவின் மேசையில் புதிய அட்டவணையை வைத்தாள். எலிசா ஆர்ஜென்டினாக்காரி. நெடுநேரம் பார்த்தாள். அவர்கள் பிரெஞ்சில் பேசினார்கள்.

“படிவத்தின்படி நீ செய்தது பிழையில்லை. இன்றைக்கு ஒப்படை. இதைப் பிறகு தனிக் கட்டுரையாக எழுதலாம்.”

“ஒக்டோபரில் ஊரார் திரும்பவும் பிடிக்கிறார்கள். அதற்குமுன் அவர்கள் வாசிக்கப்போவது என் ஆய்வேட்டைத்தான்.”

“எல்லாம் திரும்ப எழுத வேண்டும். டிசம்பர் ஆகும்.”

“ஆகட்டும். அவர்களுக்கு இன்றைக்கே சொல்ல வேண்டும். கத்தரித்ததை உடனே விடக்கூடாது. குடும்பம் முழுவதும் முடியும்வரை வைத்திருந்து ஒன்றாக விடவேண்டும்.”

“காத்திருந்தால் மிரளும். ஒன்றை ஒன்று மிதிக்கும்.”

“சிறு பட்டிகளாகப் பிரித்துச் சுற்றித் துணி கட்டலாம். வெளியே தெரியாவிட்டால் மிரட்சி குறையும் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.”

எலிசா தொலைபேசியை எடுத்தாள். அங்கே பிடிப்பை நடத்துபவனோடு ஸ்பானிய மொழியில் பேசினாள். மறுமுனையில் ஓர் ஆண் குரல் உயர்ந்தது.  பின் தொலைபேசியைக் கையால் பொத்தினாள்.

“ஆட்கள் போதாதாம். ஊர்க்கூட்டத்தில் சண்டை வருமாம். எத்தனை பட்டி, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் அவன் யாரிடமும் பேசமாட்டானாம்.”

றொஷினி அதை யோசித்திருக்கவில்லை. கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள்.

“ஒரு விலங்கைக் கத்தரிக்க எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்,” என்றாள். பேனையைத் திறந்தாள்.