அரை மணி நேரம் யாரும் தொடக் கூடாது

அந்த வீட்டில் எந்தப் பொருளும் தானாகக் கெட்டுப்போனதே கிடையாது. கெடுவதற்கு முன்பே யாராவது சரிசெய்யக் கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். மாடியில் குடியிருக்கும் அவருடைய அக்கா, எந்தச் சாமானுக்கும் மாற்றுச் சாமான் வைத்திருப்பவள். மகளோ, உலகத்தில் உள்ள அத்தனை கோளாறுக்கும் வீடியோ பார்த்து முடித்துவிட்ட கல்லூரி மாணவி. இந்த மூன்று பேருக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரிந்தவள் வீட்டம்மா ஒருத்திதான். அப்படித்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் மாட்டிவிடுவது அவள் வேலை. வீட்டுக்கு வந்ததும் டேப்லெட்டில் படம் வரைவாள். குடை வாங்கப் போன வாத்துக் குடும்பம் ஒன்றை வரைந்து, மாதிரிக்கு ஒரு படத்தைக் குழந்தைப் புத்தகம் போடும் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, டேப்லெட்டை பீரோ மேல் வைத்தவள் அப்புறம் மாதக்கணக்கில் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதில் வராது என்று மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டாள்.

இன்று காலை பதில் வந்தது. படம் பிடித்திருக்கிறதாம். மாலை ஐந்து மணிக்குள் மொத்தப் படங்களையும் அனுப்ப வேண்டுமாம். இல்லையென்றால் அச்சுக்கு வேறொருவரின் புத்தகம் போய்விடும். மொத்தப் படங்களும் அந்த டேப்லெட்டுக்குள்தான் இருந்தன, வேறு எங்கும் இல்லை. எடுத்துப் பட்டனை அழுத்தினாள். கறுப்பு. சார்ஜரில் செருகினாள். அப்போதும் கறுப்பு.

“கொடு இப்படி” என்று வீட்டுக்காரர் வாங்கினார். டிப்போ பழக்கம், முதலில் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு சார்ஜ் ஏறும் ஓட்டையில் வாயை வைத்து ஊதினார். “பின்னு சரியா உக்காரலை. வேற பிளக்ல போடு.”

கூடத்து பிளக்கிலிருந்து சமையலறை பிளக்குக்கு மாற்றினார்கள். அதற்குள் நாத்தனார் ஒரு பை நிறைய வயர்களோடு இறங்கி வந்தாள். “அந்த வயரைத் தூக்கிப் போடு. இது புதுசு, பிரிக்கவே இல்லை.” அதையும் மாட்டினார்கள். மகள் பொறுமையில்லாமல் பிடுங்கி, பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். “அம்மா, ரீஸ்டார்ட் பண்ணினா வந்துடும்மா. வீடியோல அப்படித்தான் சொன்னாங்க.” ஒன்றும் வரவில்லை. மறுபடி ஊதல், மறுபடி வேறு வயர், மறுபடி வேறு பிளக். ஆளாளுக்கு நாட்டாமை செய்ததில் மத்தியானம் போயே போய்விட்டது.

அவள் கொல்லைப்பக்கம் போய், டேப்லெட் வாங்கின கடைக்கு போன் போட்டாள். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். “ரொம்ப நாள் சும்மா கிடந்துச்சாக்கா? அப்போ பேட்டரி சுத்தமா வடிஞ்சிருக்கும். சார்ஜ்ல போட்டாலும் கொஞ்ச நேரம் ஒண்ணும் காட்டாது. நீங்க எவ்வளவு நேரம் விட்டுப் பார்த்தீங்க?”

அவள் யோசித்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சேர்ந்தாற்போல ஐந்து நிமிஷம்கூட அந்த வீட்டில் யாரும் அதை விட்டுவைக்கவில்லை. விட்டால்தானே. எல்லாம் பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தில் பேட்டரிக்கு மூச்சுவிட வழியில்லை. அவளும் சும்மா இருந்துவிடவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் பட்டனை அமுக்கிப் பார்த்தது அவள்தான்.

“அமுக்க அமுக்க, ஏறின கொஞ்சமும் போயிடும்கா. அரை மணி நேரம் யாரும் தொடாதீங்க.”

மணி நான்காகப் போகிறது. அவள் டேப்லெட்டையும் அதோடு வந்த பழைய சார்ஜரையும் எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

“என்னம்மா பண்றே?” கதவுக்கு வெளியே கணவர்.

“அரை மணி நேரம் இதை யாரும் தொடக் கூடாதுங்க. நான் உட்பட.”

நாத்தனார், “தடிமனா ஒரு வயர் கிடைச்சிருக்கு, கதவைத் திற” என்றாள். மகள், “அம்மா, இன்னொரு வீடியோ இருக்கு. ஒரே ஒரு தடவை ட்ரை பண்றேனே” என்றாள். உள்ளே அவள் கட்டிலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். போய்விட்டால்? இந்த வயதில் இன்னொரு முறை யார் கேட்கப்போகிறார்கள்? பட்டன் பக்கம் போன விரலை இழுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே கணவரின் குரல் கேட்டது. “ரெண்டு பேரும் போங்க. அவதான் சொல்லிட்டாளே. நான் இங்கதான் இருக்கேன், யாரும் உள்ளே போக முடியாது.” கதவில் முதுகு சாயும் சத்தம்.

திரை கறுப்பாகவே கிடந்தது. கறுப்பாகவே கிடந்தது. நாலரையைத் தாண்டியதும் திடீரென்று நடுவில் சிவப்புக் கோடு ஒன்று எட்டிப் பார்த்தது. அவளுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. கத்தினால் கதவு பெயர்ந்துவிடும். தானாகவே திரை விழித்துக்கொள்ளும்வரை காத்திருந்து, வயரைக் கழற்றாமலே வாத்துகளை ஒவ்வொன்றாக அனுப்பினாள். கடைசி வாத்தும் போய்ச் சேர்ந்ததும், ‘கிடைத்தது, மகிழ்ச்சி’ என்று பதில் வந்தது. ஐந்து அடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் பாக்கி.

கதவைத் திறந்தாள். கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டு.

“போயிடுச்சா?”

“எல்லாமே போய்ச் சேர்ந்துடுச்சுங்க.”

“என்ன பண்ணி சரி பண்ணினே?”

“ஒண்ணுமே பண்ணலை.”

“எனக்கு அது ஒண்ணுதான் வராது” என்றார் அவர். பிறகு கைகளை வெளியே எடுத்து நீட்டினார். “ரெண்டும் மரத்துப்போச்சும்மா.”

இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்காக எத்தனையோ பொருளைப் பிரித்து மாட்டியிருக்கிறார். எதற்கும் அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தக் கைகளை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள்.