குடோன் கதவில் வான நீலம்

உலகில் அழிக்கவே முடியாத கணக்குப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் பெயின்ட் கடையின் குடோன் கதவு. இதைச் சொன்னவர் என் சித்தப்பா. கடை முதலாளி என்பதால் மறுத்துப் பேச ஆளில்லை.

கதவின் உட்புறம் முழுக்கச் சாக்பீஸ் எழுத்து. யாருக்கு எத்தனை டப்பா கடன் போனது, எவ்வளவு திரும்பியது, எல்லாம் அங்கே. சித்தி மட்டும் தினமும் அதைப் பார்த்துத் தன் போனில் கிளவுட் கணக்கில் ஏற்றிவந்தாள்.

"அந்தக் கணக்கு எங்க இருக்காம், கேளுடா" என்றார் சித்தப்பா.

"எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல" என்றாள் சித்தி. "போன் தொலைஞ்சாலும் கணக்கு தொலையாது."

"என் கதவு தொலையவே தொலையாதே!"

வாதத்தில் சித்தப்பா ஜெயித்தார். நடுவரும் அவரே.

புதன்கிழமை வந்த ஒரு வாடிக்கையாளர், வான நீலம் பெரிய சுவரில் எப்படி இருக்கும் என்று கேட்டார். அட்டையில் காட்டுவது சித்தப்பாவுக்கு இழுக்கு. ரோலரை எடுத்தார். பக்கத்தில் இருந்த பெரிய பரப்பில் மேலிருந்து கீழாக நாலு இழுப்பு.

"பாத்தீங்களா, என்னா குளிர்ச்சி!"

குளிர்ச்சிதான். விரியத் திறந்திருந்த குடோன் கதவில் ஓர் எழுத்து மிச்சமில்லை. வாடிக்கையாளர் பச்சை வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனிக்குப் பணம் கட்டாவிட்டால் சரக்கு வராது. அந்தப் பணம் பெயின்டிங் கான்ட்ராக்டரிடமிருந்து வர வேண்டும். நாணயமான மனிதர். "தொகையச் சொல்லுங்க, காலைல வந்து குடுத்துடறேன்" என்று போனில் சொல்லியிருந்தார். தொகைதான் நீலத்துக்கு அடியில் இருந்தது.

"சித்தியக் கேளுங்களேன்" என்றேன்.

"வாய மூடு, படவா. எல்லாம் ஞாபகத்துல இருக்கு."

விரல்விட்டு எண்ணினார். மூன்று முறை எண்ணியதில் மூன்று தொகை வந்தது.

"டேய், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அதுல பேரப் போட்டா தேடித் தருமா?"

"தரும்."

"பழசும்?"

"மொத டப்பாலேர்ந்து."

"நான் இங்க எழுதினா அவ போன்லயும் தெரியுமா?"

"உடனே."

"அதெப்படிடா?"

சித்தியின் கணக்கைத் திறந்து என் போனை நீட்டினேன். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல்: "அடேங்கப்பா, இவ்வளவா!"

வெகுநேரம் கழித்து, கல்லாவில் உட்கார்ந்திருந்த சித்தியின் போனில் புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது.

'வான நீலம், அரை லிட்டர். எடுத்தது நான். கடன்.'