ஓடைக்கு இந்தப் பக்கம்

புயல் வருகிறது என்று செய்தி கேட்ட அன்றே அபிநயா பையைக் கட்டி வைத்துவிட்டாள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை அவள். சின்ன வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். பெருமழை பிடித்தால் மலைப்பாதையில் மண் சரியும், பஸ் வராது, கரண்ட் நின்றுவிடும். அதனால் கள்ளக்குறிச்சிக்குப் போய் மருந்தைக் கூடுதலாக வாங்கி வந்து, ஈரமணல் நிரப்பிய பானைக்குள் ஒரு சட்டியை இறக்கிக் குளிர்ச்சியாக வைத்தாள். ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி, டாக்டர் சீட்டு, குளுக்கோஸ், பிஸ்கட் எல்லாம் அந்தப் பையில் இருந்தன.

ஊரில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பெண்ணையாற்றங்கரை மணலூர்பேட்டையில் நிச்சயமான கல்யாணம் இந்த ஊசியால் நின்றுபோனதிலிருந்து அவள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மழை விடாமல் பெய்த ஒரு காலையில் ஊசி போட்டுக்கொண்டு இட்லி ஊற்றப் போனாள். அதற்குள் வாசலில் ஆள் குரல். ஓடைக்கு அந்தப் பக்கம் சில வீடுகளின் சுவர் இடிந்துவிட்டது, அந்தச் சனங்கள் தங்க அங்கிருக்கும் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட வேண்டும். சாவி அவளிடம்தான் இருந்தது. திறந்துவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்று சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினாள். பையைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஏது என்று கேட்பார்கள்.

அவள் திரும்புவதற்குள் ஓடை பாறைகளை மூடிக்கொண்டு ஓடியது. வகுப்பறையில் கஞ்சி வைக்கப் பார்த்தார்கள். விறகு ஈரம், புகைந்ததே தவிர எரியவில்லை. சன்னல் வழியே மேகம் உள்ளே வந்து குழந்தைகளின் தலைமேல் மெல்ல நகர்ந்தது. அபிநயாவுக்கு விரல்கள் நடுங்கின. பிறகு நடுக்கம்கூட வேறு யாருடையதோ போலத் தூரமாகப் போயிற்று.

சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்திலிருந்து பெண்ணையாறு இறங்கி வந்தது. ஆற்றுத் திருவிழாவுக்கு மணலில் சனம் நடந்துகொண்டிருந்தது. வெயில் இதமாக இருந்தது. கரும்புக் கட்டுகளுக்கு நடுவே அவளும் செருப்பில்லாமல் நடந்தாள். அங்கேயே படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"டீச்சர் அசந்து போயிட்டாங்க, தூங்கட்டும் வுடு," என்றது ஒரு குரல்.

அந்தச் சொல்லில்தான் பயம் வந்தது. தூங்கக் கூடாது. மணலிலிருந்து காலைப் பிடுங்குவதுபோல அவள் தன்னை இழுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த இருசம்மாளின் முந்தானையைப் பிடித்தாள். மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா அவள்.

"இன்னா டீச்சர், இந்தக் குளிர்ல இப்டி வேர்க்குது?"

"எனக்குச் சக்கர வியாதி. ஊசி போட்டுக்கினு சாப்பிடல, சக்கர ரொம்ப எறங்கிடுச்சி. இனிப்பு எதனா குடு."

சொல்லிவிட்டாள். இருசம்மாள் இடிந்த வீட்டிலிருந்து எடுத்து வந்த மூட்டையைப் பிரித்து, தேன் பாட்டிலைத் திறந்து, கரண்டியில் ஊற்றி வாயருகே பிடித்தாள். அபிநயா விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் ஆறு வற்றிப் படத்தில் நீலக்கோடாக நின்றது. முகங்கள் தெளிந்தன. ஈரப் புடவையின் வாடையும் புகையும் வந்தன. அடுப்பும் பற்றிக்கொண்டிருந்தது. அவளுக்குத்தான் முதல் கஞ்சி ஊற்றினார்கள்.

மதியம் ஓடை தணிந்ததும் இருசம்மாளின் தம்பி பொன்னுரங்கம் அவள் பையையும் பானையையும் எடுத்து வந்தான். அபிநயா எல்லாவற்றையும் பெஞ்சின்மேல் பரப்பினாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எது எதற்கு என்று அவள் சொல்லச் சொல்ல, அவளுக்கே லேசாக இருந்தது.

"நான் ஒளறுனா, வேர்த்துக் கொட்டுனா இனிப்பு குடுங்க. ஊசி மட்டும் போட்டுடாதீங்க. நெனப்பே இல்லன்னா வாயில எதையும் ஊத்தக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிடணும்."

"ஊசி வலிக்காதா டீச்சர்?" என்று கேட்டாள் இருசம்மாள்.

"செல நாள் வலிக்கும்."

இருசம்மாள் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அபிநயா கருவியில் சர்க்கரை பார்த்துவிட்டு, சுவரோரம் பாயில் படுத்தாள். மேகம் மறுபடியும் வகுப்பறைக்குள் வந்தது. அரைத்தூக்கத்தில் எங்கிருந்தோ ஒரு குரல் கூப்பிட்டது.

"டீச்சர்?"

"ம்," என்றாள்.

குரல் போய்விட்டது. சற்றுப் பொறுத்து, முறை வைத்ததுபோல, வேறொரு குரல் வந்தது. அதற்கும், கண்ணைத் திறக்காமலே, "ம்" என்றாள்.