விரிசலில் ஒட்டிய கண்ணாடி

நூலகத்தின் பெரிய வாசிப்பறையைத் துடைத்துப் பளபளவென்று வைப்பது முப்பது வருடமாக அவள் வேலை. அவளிடம் அந்தக் கட்டிடத்தின் கதையைக் கேட்டால் ஒரு நாள் போதாது. முதலில் அது தானியக் கிடங்கு. அதனால்தான் இரண்டு முழ அகலச் சுவர். பிறகு நீதிமன்றம், கூண்டு நின்ற இடத்தில் இன்றும் தரைக்கல்லின் நிறம் வேறு. புத்தகங்கள் கடைசியாகத்தான் வந்தன. எல்லாவற்றையும் தாங்கிய நடு வளைவின் உச்சியில் ஒரு விரிசல்.

அந்த விரிசல்தான் இன்று வினையாகிவிட்டது. கட்டிடத்தைச் சோதிக்கும் பொறியாளர், சாட்சாத் அவளுடைய மருமகனே, நூலகரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"விரிசலுக்குக் குறுக்கால கண்ணாடித் துண்டு ஒட்டி வச்சேன் மேடம். சுவர் அசைஞ்சா அது உடையும். ரெண்டு தடவை ஒட்டினேன், ரெண்டும் உடைஞ்சிருச்சு. கட்டிடத்தை மூடச் சொல்லி எழுதறதைத் தவிர வழியில்ல."

அலமாரிக்குப் பின்னால் துடைத்துக்கொண்டிருந்தவள் காதில் எல்லாம் விழுந்தது. அந்தக் கண்ணாடியா! வெள்ளிக்கிழமைதோறும் வளைவைத் துடைக்க ஏணியைச் சாய்ப்பாள். இரண்டு முறை 'டிக்' என்று சத்தம் கேட்டது. விடுமுறை நாளில் எவனோ வேலையற்றவன் வந்து ஒட்டியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே துடைத்துவிட்டு இறங்கினாள்.

வாயைத் திறந்தால் மானம் போகும். போன வாரம்தான் மகள் வீட்டு ஜன்னல் கம்பியில் விரலைத் தடவி, "தூசி தட்டவும் ஒரு பக்குவம் வேணும் மாப்ள" என்று குத்திக் காட்டிவிட்டு வந்திருந்தாள். வாயைத் திறக்காவிட்டால் கட்டிடம் போகும். அதன் இண்டு இடுக்கெல்லாம் அவளுக்குத் தன் வீட்டைவிட அத்துப்படி. அது பூட்டிக் கிடப்பதை நினைக்கவே அவளால் முடியவில்லை.

"மாப்ள..." துடைக்கும் துணியோடு வெளியே வந்தாள். "சுவரு அசையல. நான்தான் உடைச்சேன். ஏணியை வச்சு. ரெண்டையும்."

பொறியாளர் ஏணியைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு அவளுக்குத் தெரிந்தது.

"இன்னொண்ணு ஒட்டறேன் அத்தை. மூணு மாசத்துக்கு நீங்க அந்தப் பக்கமே போகக் கூடாது."

"அப்போ தூசி?"

"இருக்கட்டும்."

இருந்தது. வளைவெல்லாம் தூசி படிந்தது. கண்ணாடி ஓரத்தில் ஒரு சிலந்தி குடித்தனமே தொடங்கிவிட்டது. வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. கை பரபரத்தது. ஏணியை அறைக்குள் போட்டுப் பூட்டி, சாவியை நூலகரிடம் கொடுத்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்துப் பொறியாளர் ஏணியில் ஏறிப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. தூசி அப்பிய விரலைக் கீழே நீட்டிக் காட்டினார்.

"தூசி தட்டாம இருக்கவும் ஒரு பக்குவம் வேணும் அத்தை."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி சரி, இறங்குங்க மாப்ள. ஏணி வேணும்."